"எனக்குத் தெரியவில்லை" என்று அந்தப் பையன் சொன்ன இடம்: சாக்ரடீஸ் பாடம் நடத்திய விதம்

கணக்கு வாத்தியார் எழுதியது:

சாக்ரடீஸ் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நஞ்சுக் கோப்பைதான். பள்ளி ஆண்டுவிழாவில் பஞ்சுத் தாடி ஒட்டி, வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிக்கொண்டு ஒரு பையன் அந்தக் கோப்பையை ஏந்தி நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர் எப்படி இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப் பாடம் நடத்தினார் என்று கேட்டால், "கேள்வி கேட்டே புரியவைப்பார்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறோம். பி.எட். படித்தபோது எனக்குக் கிடைத்ததும் அந்த ஒரு வரிதான்.

இருபது வருடமாக எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன கோடை விடுமுறையில்தான் சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ எழுதிய 'மெனோ' உரையாடலை முழுதாகப் படித்தேன். அதன் நடுவில் ஒரு கணக்குப் பாடம் வருகிறது. படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. அதனால்தான் இந்த இழை.

மெனோ என்பவன் தெஸ்ஸலி நாட்டுப் பணக்கார இளைஞன். ஏதென்ஸுக்கு வந்திருக்கிறான். நற்பண்பைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியுமா என்று சாக்ரடீஸிடம் கேட்கிறான். "அது என்னவென்றே எனக்குத் தெரியாதே, நீ சொல்" என்கிறார் அவர். மெனோ சொல்லும் ஒவ்வொரு விளக்கமும் நாலு கேள்வியில் உடைந்துபோகிறது. கடைசியில் அவனுக்குச் சலிப்பு வருகிறது. "தொட்டால் உடம்பு மரத்துப்போகச் செய்யும் திருக்கை மீன் மாதிரி இருக்கிறீர்கள். என் வாயும் மனசும் மரத்துவிட்டன. நற்பண்பைப் பற்றி எத்தனையோ முறை, எத்தனையோ பேர் முன்னால் நன்றாகப் பேசியவன் நான். இப்போது ஒரு வார்த்தை வரவில்லை" என்கிறான்.

அப்புறம் தன் கையில் உள்ள வாதத்தை வீசுகிறான். ஒன்று என்னவென்றே தெரியாதபோது அதை எப்படித் தேடுவது? கண்டுபிடித்தாலும் அதுதான் இது என்று எப்படித் தெரியும்?

சாக்ரடீஸ் இதற்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. மெனோவோடு வந்திருந்த அடிமைகளில் ஒரு பையனைக் கூப்பிடச் சொல்கிறார். பையனுக்குக் கணக்குத் தெரியாது, கிரேக்கம் பேசத் தெரியும், அவ்வளவுதான். ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள, அதாவது 8 சதுர அடி உள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு?

பையன் தயங்கவே இல்லை. பக்கத்தை இரட்டித்தால் போதும், 4 அடி என்கிறான். என் வகுப்பில் வருடா வருடம் நான் கேட்கும் பதில் இதுதான். "தவறு" என்று சாக்ரடீஸ் சொல்லவில்லை. 4 அடிப் பக்கத்தை வரைந்து காட்டுகிறார். உள்ளே பழைய சதுரம் நான்கு அடங்குகிறது. பரப்பு 16. இரண்டு மடங்கு கேட்டோம், நான்கு மடங்கு வந்துவிட்டது. சரி, 2 அடிக்கு மேலே, 4 அடிக்குக் கீழே இருக்க வேண்டும். பையன் இப்போது 3 என்கிறான். நல்ல ஊகம். மூன்று மூன்று ஒன்பது. அதுவும் இல்லை.

இந்த இடத்தில் பையன் சொல்கிறான்: "சத்தியமாக, எனக்குத் தெரியவில்லை."

சாக்ரடீஸ் உடனே பையனை விட்டுவிட்டு மெனோவின் பக்கம் திரும்புகிறார். இவன் எங்கே இருந்தான், இப்போது எங்கே வந்திருக்கிறான் பார். முதலில் தெரியாமலே தெரிந்ததாக நினைத்தான். இப்போது தெரியாது என்று தெரிகிறது. இவனை மரத்துப்போகச் செய்ததால் இவனுக்கு ஏதாவது கெடுதல் செய்துவிட்டோமா?

அதற்குப் பிறகுதான் மூலைவிட்டம் வருகிறது. 16 சதுர அடிப் படத்தின் உள்ளே இருக்கும் நான்கு சின்னச் சதுரங்களிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு. நான்கு கோடுகளும் சேர்ந்து சாய்வாக ஒரு சதுரம் ஆகின்றன. ஒவ்வொரு சின்னச் சதுரத்திலும் பாதி. நான்கு பாதிகள், ஒவ்வொன்றும் 2, மொத்தம் 8. பழைய சதுரத்தின் மூலைவிட்டம்தான் புதிய சதுரத்தின் பக்கம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் மூலைவிட்டம் முக்கியமே இல்லை. பையன் "தெரியவில்லை" என்றானே, அதுதான் பாடம். அந்த இடத்துக்கு ஒரு மாணவனைக் கொண்டுவர எனக்கு இருபது வருடத்தில் பொறுமை இருந்ததில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியது:

வாத்தியார் ஐயா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் தொழில் கண்ணோடு பார்த்தால் எனக்கு ஒரு உறுத்தல். அந்தப் பையன் பேசிய வரிகளை மட்டும் தனியாக எடுத்து எழுதிப் பாருங்கள். "ஆம்", "அப்படித்தான்", "உண்மை", "இல்லை". பெரும்பாலும் இவ்வளவுதான். நான் என் சாட்சியை முதல் விசாரணையில் இப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு உடனே எழுந்துவிடும். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிறீர்கள் என்பார்கள். நீதிபதியும் அனுமதிக்க மாட்டார்.

மூலைவிட்டம் போட்டது யார்? பையனா? சாக்ரடீஸ்தான் போட்டார். "இந்தக் கோடு இந்தச் சதுரத்தைப் பாதியாக வெட்டுகிறதல்லவா?" என்று கேட்டால் எந்தப் பையனும் "ஆம்" என்றுதான் சொல்வான். இதைக் காட்டிவிட்டு, "பார்த்தாயா மெனோ, நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, இவன் உள்ளே ஏற்கெனவே இருந்ததை நினைவுபடுத்திக்கொண்டான்" என்கிறார். ஆன்மா முன்பே எல்லாவற்றையும் அறிந்திருந்தது, கற்பது என்பது நினைவுகூர்தல் என்ற கொள்கைக்கு இது சாட்சியமாம். இந்தச் சாட்சியத்தை நான் ஏற்க மாட்டேன்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

வக்கீல் ஐயா சொல்வது இரண்டாம் பாதிக்கு முழுக்கப் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன். மூலைவிட்டத்தை அவர்தான் கையில் கொடுத்தார்.

ஆனால் முதல் பாதியைத் திரும்பப் படியுங்கள். 4 என்றது பையன். 3 என்றதும் பையன். இரண்டும் தவறு, இரண்டும் அவனுடையவை. பதிலைக் கேள்விக்குள் வைத்திருந்தால் தவறான பதில் எப்படி வரும்? தன் தவறை அவனே எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான். பதினாறு என்று எண்ணியவன் அவன். ஒன்பது என்று எண்ணியவனும் அவனே.

இன்னொரு சின்ன இடம். கணக்கு எடுப்பவனாக இருப்பதால்தான் என் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். 3-உம் தவறு என்று ஆனதும் சாக்ரடீஸ் சொல்கிறார்: "சரியாகச் சொல். எண்ணிச் சொல்ல விருப்பமில்லை என்றால், எந்தக் கோடு என்று காட்டு." இந்த ஒரு வரியில் பெரிய விஷயம் இருக்கிறது. 8 சதுர அடிச் சதுரத்தின் பக்கம் முழு எண் இல்லை, பின்னமும் இல்லை. 2.828 என்று எழுத ஆரம்பித்தால் முடியவே முடியாது. பையன் நாள் முழுக்க எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாலும் சரியான பதில் வரப்போவதில்லை. எண்ணிலிருந்து அவனை விடுவித்து, கையால் காட்டலாம் என்று வேறொரு கதவைத் திறக்கிறார். மாணவன் எங்கே முட்டிக்கொண்டு நிற்பான் என்பதை முன்கூட்டியே அறிந்த ஆசிரியரால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

நினைவுகூர்தல் கொள்கையைப் பற்றி எனக்கும் உங்களைப்போலவே சந்தேகம்தான். ஆனால் சாக்ரடீஸே அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளுக்கு உறுதியாக நிற்க மாட்டேன் என்கிறார். தெரியாததைத் தேட வேண்டும் என்று நம்பினால் நாம் இன்னும் மேலானவர்களாக, துணிவுள்ளவர்களாக, சோம்பல் குறைந்தவர்களாக இருப்போம், இதற்காக மட்டும் சொல்லாலும் செயலாலும் போராடுவேன் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். பையனுக்கு இப்போது கிடைத்தது கனவு மாதிரி இருக்கிறது, இதையே பல முறை, பல விதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்று. ஒரு மணி நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை.

முதலாமாண்டு எழுதியது:

வணக்கம். நான் இங்கே புதிது. ஒரு சந்தேகம். சாக்ரடீஸ் பள்ளிக்கூடம் வைத்திருந்தாரா? சம்பளம் வாங்கினாரா? குடும்பம் எப்படி நடந்தது?

நூலகத்து மூலை எழுதியது:

வாருங்கள் தம்பி. பள்ளிக்கூடம் வைத்தவர் பிளேட்டோ, சாக்ரடீஸ் அல்ல. சாக்ரடீஸ் எங்கே ஆள் கிடைத்ததோ அங்கே பேசினார். உடற்பயிற்சிக் கூடம், விருந்து நடக்கும் வீடு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தைவெளி. அகோரா என்ற அந்த ஏதென்ஸ் சந்தைவெளியை ஒட்டி சைமன் என்ற செருப்புத் தொழிலாளியின் கடைக்கு அவர் போவார், பேசியவற்றில் நினைவில் நின்றதைச் சைமன் குறித்துவைத்தார் என்று ஒரு பழைய செய்தி உண்டு. 20ஆம் நூற்றாண்டில் அகோராவின் எல்லைக்கல் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டைத் தோண்டியெடுத்தார்கள். நிறைய செருப்பு ஆணிகள் கிடைத்தன. கூடவே ஒரு உடைந்த கோப்பையின் அடிப்பாகம், அதில் 'சைமனுடையது' என்று கீறியிருந்தது. அந்தக் கோப்பைத் துண்டைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சாக்ரடீஸ் முதன்முறையாக உண்மையில் நடமாடிய மனிதராகத் தெரிந்தார்.

பிறந்தது கி.மு. 470 வாக்கில். அப்பா சோப்ரோனிஸ்கஸ், கல் வேலை செய்தவர் என்பார்கள். அம்மா பெய்னரெட்டே மருத்துவச்சி. மனைவி சாந்திப்பி, மூன்று மகன்கள். பொட்டிடியா, டெலியம், அம்பிபொலிஸ் ஆகிய மூன்று போர்களில் காலாட்படை வீரராக நின்றவர். டெலியத்தில் ஏதென்ஸ் படை சிதறி ஓடியபோது நிதானம் இழக்காமல் பின்வாங்கியதை, உடன் இருந்த தளபதி லாகஸே புகழ்வதாகப் பிளேட்டோ எழுதுகிறார். எங்கோ மூலையில் உட்கார்ந்து சிந்தித்தவர் என்ற படம் நம் மனதில் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சம்பளம் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேச்சுக்கலையும் நற்பண்பும் சொல்லிக்கொடுத்த சோபிஸ்டுகள் நன்றாகவே வாங்கினார்கள். பாரோஸ் தீவைச் சேர்ந்த எவெனஸ் என்பவரின் கட்டணம் 5 மினா என்று சாக்ரடீஸ் தன் வழக்கின்போது குறிப்பிடுகிறார். ஒரு மினா 100 டிராக்மா. ஒரு டிராக்மா ஏறக்குறைய ஒரு தேர்ந்த தொழிலாளியின் ஒருநாள் கூலி. சாக்ரடீஸின் இன்னொரு மாணவரான செனபோன் எழுதிய ஒரு உரையாடலில், "என் வீட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் விற்றால், நல்ல ஆள் கிடைத்தால், 5 மினா தேறும்" என்கிறார் சாக்ரடீஸ். ஒரு மாணவனுக்கு எவெனஸ் வாங்கியதும், சாக்ரடீஸின் மொத்தச் சொத்தும் ஒரே தொகை. குடும்பம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். வறுமைதான். வழக்கு மன்றத்தில் அவரே அதைச் சாட்சியாகக் காட்டுகிறார்.

வாத்தியாருக்கு ஒரு எச்சரிக்கை. சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. நமக்குக் கிடைப்பது பிளேட்டோவின் சாக்ரடீஸ், செனபோனின் சாக்ரடீஸ், கி.மு. 423இல் மேடையேறிய 'மேகங்கள்' நாடகத்தில் அரிஸ்டாபனிஸ் கேலி செய்த சாக்ரடீஸ். மூன்றும் ஒரே முகம் இல்லை. அந்த வடிவகணிதப் பாடம் அப்படியே நடந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பிளேட்டோ தன் ஆசிரியரை எப்படி நினைவில் வைத்திருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிரசவ வார்டு எழுதியது:

அவருடைய அம்மா மருத்துவச்சி என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் முப்பது வருடம் பிரசவ வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். 'தியேட்டெட்டஸ்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ் தன் வேலையை மருத்துவச்சி வேலையோடு ஒப்பிடுகிறார் என்று மகள் சொன்னாள். அந்தப் பகுதியை எனக்கு வாசித்தும் காட்டினாள். அவர் அம்மாவின் வேலையை வெறும் உவமைக்காகத் தொட்டுவிட்டுப் போகவில்லை, கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது முதல் சில வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தானே பிள்ளை பெறும் வயதைக் கடந்தவர்கள்தான் மருத்துவச்சி ஆனார்களாம். அதேபோல் என்னிடம் சொந்தமாக ஞானம் எதுவும் பிறப்பதில்லை, மற்றவர்களுக்குப் பிறக்க உதவுகிறேன் என்கிறார். மருத்துவச்சி வலியைக் கூட்டவும் தெரிந்தவள், தணிக்கவும் தெரிந்தவள். தன்னோடு பழகுகிறவர்கள் இராப் பகலாக வலியில் துடிப்பார்கள் என்றும் சொல்கிறார். இது நிஜம். வலி வராமல் குழந்தை வராது. ஆனால் வலியே குழந்தை ஆகாது. பக்கத்தில் நிற்பவளுக்கு எந்த வலி வேலை செய்யும் வலி, எது வீணான வலி என்று தெரிய வேண்டும். எங்கள் வார்டில் புதிதாக வரும் பெண்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திரு. அவசரப்படாதே. அவள் முக்க வேண்டிய நேரத்தில் நீ முக்க முடியாது.

வக்கீல் ஐயா கேட்டீர்களே, கோட்டைப் போட்டது சாக்ரடீஸ்தானே என்று. நாங்களும் கை கொடுப்போம். தலை திரும்பாமல் நின்றால் திருப்பிவிடுவோம். அதற்காகப் பிள்ளையை நாங்கள் பெற்றதாக ஆகிவிடாது. இரண்டு முறை தானாக முயன்று களைத்த பிறகு கை கொடுப்பதும், வந்தவுடனே ஆயுதத்தை எடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பையனுக்கு அவர் முதலில் நேரம் கொடுத்திருக்கிறார். எனக்கு அது போதும்.

ஒரு இடம் மட்டும் என் மனதைத் தைத்தது. பிறந்ததை எடுத்துப் பார்த்து, இது உயிருள்ளதா வெறும் காற்றா என்று சோதிப்பதுதான் தன் கலையிலேயே பெரியது என்கிறார். வெறும் காற்று என்று தெரிந்து எடுத்துப் போட்டால், தலைப்பிள்ளையை இழந்த தாயைப்போல என் மேல் சீறிப் பாய்கிறார்கள், கடிக்கவே வருகிறார்கள் என்கிறார். என் கையிலும் மூச்சில்லாமல் பிள்ளைகள் வந்திருக்கின்றன. அந்தத் தாயிடம் எதையும் மறைக்க முடியாது, ஆனால் சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஊரார் நடுவில் நின்று சொல்லக் கூடாது. சாக்ரடீஸ் இதை எப்போதும் கடைப்பிடித்தாரா?

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் அவருடைய வழக்கிலேயே இருக்கிறது. அவர் கடைப்பிடிக்கவில்லை.

அவருடைய நண்பர் கெரபோன், குறி சொல்லும் கோயில் இருந்த டெல்பிக்குப் போய், சாக்ரடீஸைவிட அறிவாளி உண்டா என்று கேட்டார். இல்லை என்று குறி வந்தது. சாக்ரடீஸ் அதைச் சோதிக்கப் புறப்பட்டார். அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேள்வி கேட்டார். அதுவும் பலர் முன்னிலையில். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வேலை வெட்டி இல்லாமல் பின்னாலேயே சுற்றி அதை ரசித்தார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் அதையே செய்து பார்த்தார்கள். கோபம் என் மேல் திரும்பியது என்று அவரே சொல்கிறார்.

கி.மு. 399. மெலீட்டஸ், அனிட்டஸ், லைகோன் என்று மூன்று பேர் வழக்குத் தொடுக்கிறார்கள். ஊர் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். அங்கே அரசு வழக்கறிஞர் கிடையாது, குடிமக்களே குற்றம் சாட்டுவார்கள். குலுக்கலில் வந்த சுமார் 500 குடிமக்கள் நடுவர்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். மெலீட்டஸை அவர் குறுக்கு விசாரணை செய்த விதத்தை இளம் வக்கீல்கள் படிக்க வேண்டும். சாக்ரடீஸுக்கு எந்தத் தெய்வத்திலும் நம்பிக்கை இல்லை என்று மெலீட்டஸை வாய்விட்டுச் சொல்லவைக்கிறார். பிறகு, "புதிய தெய்வ சக்திகளில் நம்பிக்கை உண்டு என்றும் நீயே எழுதிக்கொடுத்திருக்கிறாய்" என்று குற்றப்பத்திரிகையை நீட்டுகிறார். கச்சிதமான வேலை. ஆனால் நடுவர்களின் மனம் அதனால் இளகியிருக்காது. இன்னொருவரை முச்சந்தியில் மடக்குவதைத்தானே அவர்கள் வருடக்கணக்காகப் பார்த்தார்கள்? இப்போது தங்கள் கண் முன்னாலேயே மறுபடியும். முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்கிறார். அந்த முப்பது பேரைத் தன் முறையாலேயே இழந்தார் என்று நான் நினைக்கிறேன்.

முதலாமாண்டு எழுதியது:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் தினமும் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் அதிலிருந்து அடுத்த கேள்வி, அப்புறம் அடுத்தது, தெரியாது என்று சொல்லும்வரை விடமாட்டார். சொன்னதும் "உட்கார்" என்பார். வகுப்பு சிரிக்கும். அவர் இதற்குச் சாக்ரடீஸ் முறை என்று பெயர் சொல்வார். நான் தமிழ்வழியில் படித்து வந்தவன். மூன்றாவது கேள்விக்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாடத்தில் அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

அதனால்தான் வாத்தியார் எழுதியதைப் படித்தபோது குழப்பமாக இருந்தது. எங்கள் வகுப்பிலும் எல்லோரும் "தெரியவில்லை" என்ற இடத்துக்குத்தான் வந்தோம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லையே?

நூலகத்து மூலை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. உங்களுக்குச் செனபோன் சொல்லும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

எத்திடெமஸ் என்று ஒரு இளைஞன். நிறையப் புத்தகங்கள் சேர்த்துவைத்திருந்தான், தன் வயதுக்காரர்களைவிடத் தான் எங்கோ மேலே என்று நினைத்தவன். சாக்ரடீஸ் உடனே அவன் மேல் பாயவில்லை. பல நாள் அவன் உட்காரும் கடைக்குப் போய், வேறு யாரோடோ பேசுவதுபோல் பேசி, அவனாகக் காது கொடுக்கும்வரை காத்திருந்தார். பிறகு அவனைத் தனியாகச் சந்தித்தார். தனியாக என்பதைக் கவனியுங்கள். இரண்டு பத்தி போடலாம் என்கிறார். ஒன்று நீதி, மற்றது அநீதி. பொய், வஞ்சகம், திருட்டு எல்லாவற்றையும் எத்திடெமஸ் அநீதியின் கீழே எழுதச் சொல்கிறான். சரி, எதிரியை ஏமாற்றும் தளபதி? அது நீதி. அப்படியானால் நண்பர்களுக்குச் செய்தால்தான் அநீதி என்று வைத்துக்கொள்ளலாமா? ஆமாம். மனம் தளர்ந்த தன் படைக்கு உதவி வருகிறது என்று பொய் சொல்லித் தைரியம் ஊட்டும் தளபதி? மருந்து குடிக்க மறுக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு என்று சொல்லி ஊட்டும் அப்பா? சாகத் துணிந்த நண்பனின் கத்தியைத் திருடி வைப்பவன்? ஒவ்வொன்றும் பத்தி மாறி மாறிப் போகிறது. எத்திடெமஸ் மனம் உடைந்து வீட்டுக்குப் போகிறான்.

இங்கேதான் செனபோன் நேர்மையாக ஒன்று எழுதுகிறார். இந்த நிலைக்கு ஆளான பலர் திரும்ப வரவே இல்லையாம். எத்திடெமஸ் வந்தான். அவன் மனநிலையைப் பார்த்த சாக்ரடீஸ், அதன் பிறகு அவனைக் குழப்புவதை இயன்ற அளவு விட்டுவிட்டு, அவன் தெரிந்துகொள்ள வேண்டியதை எளிமையாக, தெளிவாக எடுத்துச் சொன்னார்.

எளிமையாக எடுத்துச் சொன்னார்! சாக்ரடீஸ் முறை என்று பேசுகிறவர்கள் யாரும் இந்த வரியைச் சொல்வதில்லை. உங்கள் பேராசிரியர் "உட்கார்" என்று சொன்ன இடத்தில்தான் இவர் பாடத்தை ஆரம்பித்திருக்கிறார்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

முதலாமாண்டு தம்பிக்கு நன்றி. உன் கேள்வியால் என் முதல் பதிவில் ஒரு தவறு இருப்பது புரிகிறது. "தெரியவில்லை" என்பதுதான் பாடம், மூலைவிட்டம் முக்கியமே இல்லை என்று எழுதினேன். அது சரியில்லை. பையனை அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அவனுக்கும் உனக்கு நடந்ததுதான் நடந்திருக்கும். மூலைவிட்டம் வேண்டும். "தெரியவில்லை" என்றவனுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இந்தப் பாடத்தை என் எட்டாம் வகுப்பில் செய்து பார்த்தேன். தரையில் கோடு போடுவதற்குப் பதிலாக, கட்டம் வரைந்த சதுரத் தாள்களை ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பக்கத்துக்கு 4 கட்டம், மொத்தம் 16. இதில் பாதி, அதாவது 8 கட்டம் பரப்புள்ள சதுரத்தை வெட்டாமல் மடித்தே கொண்டுவாருங்கள் என்றேன். முதலில் எல்லோரும் குறுக்கே ஒரு மடிப்பு மடித்தார்கள். 8 கட்டம் வந்தது, ஆனால் நீள்சதுரம். அதையே இன்னொரு முறை மடித்தார்கள். சதுரம் வந்தது, ஆனால் 4 கட்டம். அப்புறம் அமைதி. எனக்கு அந்த அமைதியைத் தாங்குவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. செவிலி அம்மா சொன்னதுபோல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பதினைந்து நிமிடம் கழித்துக் கடைசி வரிசையில் ஒரு பெண், நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தாள். சாய்ந்த சதுரம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டிரண்டு கட்டம் உள்ளே போய்விட்டது, மிச்சம் 8. "சார், இது சதுரமா?" என்று கேட்டாள். திருப்பிப் பார் என்றேன். திருப்பினாள். அவள் முகத்தை நான் மறக்க மாட்டேன். வகுப்பில் பாதிப் பேர் அதற்குள் சோர்ந்துபோய் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்கு மறுநாள் நானே மடித்துக் காட்டினேன். நாற்பது பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வேறு, ஒரே ஒரு பையனோடு செய்வது வேறு.

கரிசல்காடு எழுதியது:

எல்லாம் சரி. அந்தப் பையனின் பெயர் என்ன?

இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். மெனோவுக்குப் பெயர் இருக்கிறது, வழக்குப் போட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது, செருப்புத் தைத்தவருக்கும் இருக்கிறது. வரலாற்றிலேயே புகழ்பெற்ற கணக்குப் பாடத்தைக் கற்றவனுக்கு மட்டும் பெயர் இல்லை. பாடம் முடிந்ததும் அவன் எங்கே போனான்?

நூலகத்து மூலை எழுதியது:

பெயர் இல்லை. கிரேக்கத்தில் அவனைக் குறிக்கும் சொல் பிள்ளைக்கும் அடிமைக்கும் பொதுவானது. அதனால் அவன் சிறுவனா, வளர்ந்தவனா என்பதுகூட அந்தச் சொல்லை வைத்து முடிவாகாது. மெனோவின் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பது மட்டும் இருக்கிறது. பாடம் முடிந்ததும் பேச்சு மறுபடி நற்பண்புக்குத் திரும்பிவிடுகிறது. அவனைப் போகச் சொன்னதாகக்கூட எழுதவில்லை. பிளேட்டோவை மிகவும் நேசிப்பவன் நான், இந்த இடம் எனக்கும் வலிக்கிறது. ஒரு அடிமையால் எதையும் அறிந்துகொள்ள முடியும் என்று காட்டிவிட்டு, அவன் ஏன் அடிமையாக இருக்கிறான் என்று ஒரு கேள்விகூட அங்கே எழவில்லை. எதையும் கேள்வி கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

ஆனால் அவனை யாருக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். மெனோ சொன்னானே, நற்பண்பைப் பற்றி எத்தனையோ முறை, எத்தனையோ பேர் முன்னால் நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று. பையன் "தெரியவில்லை" என்றதும் சாக்ரடீஸ் சொல்கிறார்: இதற்கு முன்னால் இவன், இரட்டைச் சதுரத்துக்குப் பக்கமும் இரட்டிக்க வேண்டும் என்று எத்தனையோ முறை, எத்தனையோ பேர் முன்னால் நன்றாகப் பேசியிருப்பான். மெனோவின் சொற்களையே எடுத்து அவன் முன்னால் வைக்கிறார். பாடம் பையனுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எஜமானனுக்கு. பையன் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போனான். மெனோ சொல்லவே இல்லை.

மெனோ பிறகு என்ன ஆனான் என்று செனபோன் எழுதியிருக்கிறார். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணன்மேல் படையெடுத்தபோது கூலிப்படைத் தளபதிகளில் ஒருவனாகப் போனான். பணத்துக்காக எதையும் செய்பவன், நண்பர்களை ஏமாற்றுவதைத் திறமை என்று நினைப்பவன் என்று கடுமையாக எழுதுகிறார். பிடிபட்ட மற்றத் தளபதிகளின் தலையை வெட்டினார்கள். மெனோ ஓராண்டு சித்திரவதைப்பட்டு இறந்ததாகக் கேள்வி என்கிறார். செனபோனுக்கு அவனைப் பிடிக்காது, அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று. அதே 'மெனோ' உரையாடலின் கடைசிப் பகுதியில் அனிட்டஸ் வந்து உட்காருகிறார். ஆமாம், வழக்குப் போட்ட அதே அனிட்டஸ். ஏதென்ஸின் பெரிய மனிதர்களால் தங்கள் பிள்ளைகளுக்கே நற்பண்பைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்று சாக்ரடீஸ் அடுக்கியதும் அவருக்குக் கோபம் வருகிறது. "நீ மனிதர்களைச் சுலபமாக இழிவாகப் பேசுகிறாய். ஜாக்கிரதையாக இரு" என்கிறார். பிளேட்டோ இதை எழுதியபோது சாக்ரடீஸ் உயிரோடு இல்லை. அந்த வரியை எழுதிய கையை நினைத்துப் பார்க்கிறேன்.

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியது:

அனிட்டஸ் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. அப்படியானால் செவிலி அம்மாவின் கேள்வி இன்னும் கனமாகிறது. பையனிடம் அவ்வளவு பொறுமையாக இருந்தவர், சில பக்கம் தள்ளி அனிட்டஸிடம் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

பையன் விஷயத்தில் என் ஆட்சேபத்தைப் பாதியளவுக்குத் திரும்பப் பெறுகிறேன். 4-உம் 3-உம் அவனுடையவைதான்.

பிரசவ வார்டு எழுதியது:

நேற்று இரவு ஏழாவது படிக்கும் பேத்தியிடம் இந்தக் கணக்கைக் கேட்டேன். கோலப்பொடியால் முற்றத்தில் சதுரம் போட்டேன். முதலில் நாலு என்றாள். போட்டுப் பார் என்றேன். போட்டாள், எண்ணினாள், அழித்தாள். அப்புறம் மூணு. ஒன்பது வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "பாட்டி, ரெண்டே முக்காலா?" என்றாள். அது நம் பையனுக்குத் தோன்றாதது. போட்டுப் பார்க்கச் சொன்னேன், அரை கால் கட்டமெல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்து எட்டுக்குக் கொஞ்சம் குறைகிறது என்றாள். தூங்கப் போகச் சொல்லியும் போகவில்லை. காலையில் நான் எழுந்து பார்த்தபோது முற்றம் முழுக்கச் சதுரங்கள். ஒன்றில் மட்டும் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்துப் பாதியில் விட்டிருக்கிறாள். இன்னும் எழவில்லை. முற்றத்தைத் தெளிக்காமல் வைத்திருக்கிறேன்.